பயிற்சி கொடுத்தாச்சு, கையெழுத்து வாங்கியாச்சு

என் சித்தி தேனி மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எந்த நகராட்சி என்று எழுத மாட்டேன், அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், காலை வேலை முடிந்து மஸ்டருக்கு வந்தவர்களை வீட்டுக்கு விடாமல் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். நாலரை மணிக்கு எழுந்து, ஒரு டீயோடு வேலைக்கு வந்தவர்கள். பின்னால் ‘பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி’ என்று பேனர். வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் லேப்டாப்பைத் திறந்தார். சுவரில் விழுந்த எழுத்தெல்லாம் ஆங்கிலம். கையுறை போடுங்கள், முகக்கவசம் போடுங்கள், பூட்ஸ் போடுங்கள், கையைக் கழுவுங்கள். முக்கால் மணி நேரம் போனது.

முடிவில் ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். சித்தி எழுந்து, “கையுறை எங்கய்யா இருக்கு? குடுத்து எட்டு மாசமாச்சு, அதுவும் ஒரே வாரத்துல கிழிஞ்சு போச்சு” என்று கேட்டிருக்கிறார். “அது நம்ம இன்னிக்கு டாபிக்ல வராதும்மா” என்பது பதில். பிறகு போட்டோ, ஒரு பாக்கெட் லெமன் சாதம், ஒரு பதிவேட்டில் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை வைத்த ஸ்டாம்ப் பேட் தயாராக இருந்தது. கையுறை கொண்டுவர மறந்தவர்கள் ஸ்டாம்ப் பேடை மறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் குப்பையைப் பிரிக்கும்போது சித்தியின் உள்ளங்கையில் ஊசி ஏறியது. ஏதோ கிளினிக்கில் போட்டுவிட்டுத் தூக்கி எறிந்த ஊசி. ஒப்பந்தக்காரரின் ஆளிடம் மருத்துவச் செலவு கேட்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அவர் அந்தப் பதிவேட்டை எடுத்து விரித்தார். “இந்தாங்க, உங்க சித்தி கையெழுத்து. டிரெய்னிங்ல எல்லாம் சொல்லித்தான இருக்கோம்? அவுக கவனக்குறைவுக்கு நாங்க என்ன பண்றது?”

அந்தப் பயிற்சி எதற்காக நடந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

தோழர்களே, இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் நீங்கள்தான். சமூகப்பணி படித்துவிட்டு இந்த ஆண்டு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் பலர் ‘டிரெய்னர்’ என்றோ ‘ஃபெசிலிடேட்டர்’ என்றோ பெயர் போட்ட அடையாள அட்டையோடு பஞ்சாலைக்கும் நகராட்சிக்கும் தோட்டத்துக்கும் போகப் போகிறீர்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று போன மாதம் உத்தமபாளையத்தில் நடந்த வாசிப்பு வட்டத்தில் ஒரு தங்கை கேட்டார். பாடப்புத்தகப் பதிலைச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பும்போது அது பாதிப் பதில்தான் என்று உறுத்தியது.

பாடப்புத்தகப் பதில் இதுதான். பயிற்சியில் முன்னால் நிற்பவருக்குத் தெரிந்தது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். பாடம் முன்பே முடிவாகியிருக்கும். ஃபெசிலிடேஷன் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கும். முன்னால் நிற்பவரின் வேலை கேட்பது, பேசாதவரைப் பேச வைப்பது, சிதறிக் கிடப்பதைக் கோத்துத் தருவது. இதற்கு எளிதாக்குநர், ஏதுவாளர் என்றெல்லாம் தமிழில் சொல்லிப் பார்க்கிறார்கள். எதுவும் நாக்கில் நிற்கவில்லை. நம் சேரிகளில் சாவு, கல்யாணம், வழக்கு எதுவானாலும் ‘கூடிப் பேசுவோம்’ என்பார்கள். எனக்கு அது போதும்.

இந்தப் பள்ளத்தாக்கில் ‘டிரெய்னிங்’ என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் ஐம்பதைத் தாண்டிய எந்த அம்மாவிடமும் கேளுங்கள். மகளை மில்லுக்கு அனுப்பியபோது அவளுக்குக் கொடுத்த பெயர் ‘டிரெய்னி’. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருடம் ஹாஸ்டலில் வைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று கூட்டிப் போனார்கள். பஞ்சாலையில் ஒரு பெண் வேலையைக் கற்றுக்கொள்ளச் சில மாதம் போதும். ஆனால் அவள் மூன்று வருடமும் பயிற்சியில் இருப்பவள்தான். காரணம் எளிது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதிச் சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரமாக வேண்டும். அப்ரண்டிஸ் என்று எழுதி வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கும் வராது, முழுச் சம்பளமும் வராது. ஆக, நம் பெண்களுக்குப் பயிற்சி என்பது குறைந்த கூலிக்கு வைத்த பெயராக இருந்தது. அந்த வீடுகளுக்குள் போய் ‘பயிற்சி கொடுக்க வந்திருக்கிறேன்’ என்று சொல்லும்போது அவர்கள் காதில் என்ன விழும் என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாவ்லோ ஃப்ரேய்ரேவை உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தவர். செங்கல், கூலி, நிலம் என்று அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களை எடுத்துப் பேச வைத்து, அதிலிருந்து எழுத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு வந்த ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் போட்டது. எழுத்து சொல்லிக் கொடுத்ததற்காக மட்டும் யாரும் யாரையும் சிறையில் போடுவதில்லை. வங்கியில் பணம் போடுவது போலத் தலைக்குள் தகவலைப் போடும் கல்வியை அவர் விமர்சித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் ஃப்ரேய்ரேவுக்குச் சாதி தெரியாது. நம் ஊரில் ‘எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது’ என்பது வகுப்பறை விஷயமாக மட்டும் இருந்ததில்லை. அது பிறப்போடு சேர்த்துக் கட்டப்பட்டது. அறிவு ஒரு பக்கம், அழுக்கு ஒரு பக்கம். தூய்மைப் பணியாளர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்கள், மற்ற தலித்துகள். அவர்களுக்குச் சுத்தத்தைப் பற்றி வகுப்பெடுக்க வருகிறவர் பெரும்பாலும் வாழ்க்கையில் விளக்குமாறு பிடிக்காதவர். ‘கையைக் கழுவுங்கள்’ என்று அவர் சொல்லும்போது அந்த மண்டபத்தில் என்ன நடக்கிறது? ஊரைச் சுத்தம் செய்கிறவர்களைப் பார்த்து, சுத்தம் தெரியாதவர்கள் என்று சொல்லாமல் சொல்கிறார். இதில் அந்தப் பயிற்சியாளர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல மனிதராகவே இருக்கலாம். அவருக்கு யாரும் அதைச் சுட்டிக்காட்டியதில்லை, அவ்வளவுதான்.

சித்திக்கு என்ன தெரியும் என்று ஒருநாள் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். நோட்டில் ஏழு பக்கம் வந்தது. எந்தத் தெருவின் சாக்கடை எந்த மழைக்கு அடைக்கும், எந்த ஓட்டல் ராத்திரியில் எண்ணெய்க் கசடை வாறுகாலில் ஊற்றுகிறது, எந்த கிளினிக் ஊசியைக் குப்பைப் பையோடு சேர்த்துக் கட்டிப் போடுகிறது, எந்த வீட்டில் செப்டிக் டேங்க் குழாயை நேராக வாறுகாலில் விட்டிருக்கிறார்கள், எந்தத் தள்ளுவண்டியின் சக்கரம் இடது பக்கம் இழுக்கும். அந்த கிளினிக்கை மட்டும் யாராவது முன்னாலேயே கேட்டிருந்தால் சித்தி கையில் ஊசி ஏறியிருக்காது. மருத்துவக் கழிவைத் தனியாகப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் விதிகள் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் சொல்கின்றன. அப்படியானால் பயிற்சி தேவைப்பட்டது யாருக்கு?

இது வரை படித்துவிட்டு, ‘பயிற்சி கெட்டது, ஃபெசிலிடேஷன் நல்லது’ என்று யாரும் பதிவு போட்டுவிட வேண்டாம். என் கதையையும் கேளுங்கள்.

நான் முதன்முதலில் ஃபெசிலிடேட்டராகப் போனது ஒரு பஞ்சாலைப் பெண்களுக்கான கூட்டத்துக்கு. வட்டமாக உட்கார வைத்தேன். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, பந்து எறியும் விளையாட்டு எல்லாம் வைத்திருந்தேன். ‘உங்கள் வேலையிடத்தில் என்னென்ன பிரச்சினை?’ என்று நடுவில் எழுதிப் போட்டேன். முப்பது பெண்களும் ‘ஒண்ணும் இல்லண்ணே, நல்லாத்தான் பாத்துக்கிறாக’ என்றார்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலியில் மில்லின் ஹாஸ்டல் வார்டன் உட்கார்ந்திருந்ததை நான் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. ‘பங்கேற்பு சிறப்பாக இருந்தது’ என்று அறிக்கை எழுதினேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அதே பெண்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “அண்ணே, அவுகளை வச்சுக்கிட்டு எங்களை எதுக்குண்ணே கேட்டீக?” என்றார்கள். வட்டமாக உட்கார்ந்தால் அதிகாரம் போய்விடும் என்று நான் நம்பியிருந்தேன்.

அடுத்தது இதைவிட மோசம். கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் தொழிலாளர்களோடு ஒரு கூட்டம். உள்ளே விஷவாயு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு பெரியவர், விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்போம், அணைந்தால் இறங்க மாட்டோம் என்றார். கிணற்றுக்குச் செய்வார்களே, அதே முறை. இன்னொருவர், முட்டை அழுகின மாதிரி நாற்றம் வந்தால் வாயு இருக்கிறது, நாற்றம் போய்விட்டால் இறங்கலாம் என்றார். எனக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? எல்லாக் கருத்தும் மதிப்புள்ளது, எதையும் மறுக்காமல் எழுது. இரண்டையும் சார்ட்டில் பெரிதாக எழுதிப் போட்டேன்.

இரண்டும் ஆளைக் கொல்லும். தொட்டிக்குள் மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்க வைக்கும். ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போதுதான் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குகிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். இதை எந்தக் கூட்டத்திலும் ‘கூடிப் பேசி’க் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தவர் எழுந்து, தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு அங்கே தேவைப்பட்டது பச்சையான பயிற்சி. மரியாதை என்ற பேரில் நான் அதை மறைத்தேன். திரும்பிப் போய்ச் சொன்னேன் என்பதுதான் ஒரே ஆறுதல்.

அங்கேயும் விஷயம் முடியவில்லை. இரண்டாவது கூட்டத்தில் வாயுவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிப்பா, இறங்க மாட்டேன். வீட்டுக்காரரு வேற ஆளைக் கூப்பிட்டுக்குவாரு. அன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பு எரிய என்ன வழி?” என்றார். இதற்குப் பயிற்சியில் பதில் கிடையாது. இங்கிருந்துதான் கூடிப் பேசுவது தொடங்க வேண்டும். பேச்சு சட்டத்துக்குப் போனது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2014 மார்ச்சில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை மலம் அள்ளும் வேலைக்கு வைப்பது, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். பாதுகாப்பாகத் தொட்டியில் இறங்குவது எப்படி என்று சொல்லித் தர உங்களை எங்காவது கூப்பிட்டால், எதற்காக இறங்க வேண்டும் என்ற கேள்வியைத் தொழிலாளர்கள் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகவே கூப்பிடுகிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

இனி, நமக்குப் பக்கத்து மாவட்டத்தில் நடந்த ஒன்று. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது ஏன் பாடமாக இல்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். மாதக்கணக்காகத் தொந்தரவு இருந்தது என்று குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது 2013இல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும், விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துவது முதலாளியின் கடமை என்று அதில் இருக்கிறது. நாட்டில் எத்தனை ஆலைகளில் அந்தக் குழுவின் பெயர்ப்பட்டியல் சுவரில் தொங்குகிறது! அந்தப் பட்டியலில் இருக்கும் பெண்ணுக்கே தான் உறுப்பினர் என்று தெரியாத ஆலையை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் உறுப்பினராக இருந்த சங்கம் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். பெண்கள், அதிலும் தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற சங்கம். தலைவர் திவ்ய ராகினி. ஓராண்டுக்கும் மேல் போராடி, 2022 ஏப்ரலில் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்சும் அமெரிக்காவின் ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பும் கூட நின்றன. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் முழுக்கப் பேசப்படுவது இதுதான்.

அதில் பயிற்சி உண்டு. எல்லாத் தொழிலாளிக்கும், சூப்பர்வைசருக்கும், நிர்வாகத்துக்கும். எது துன்புறுத்தல், சட்டம் என்ன சொல்கிறது, புகார் எப்படிக் கொடுப்பது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாலினத்தோடு சாதியையும் பேச வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சாதி என்ற சொல் எழுத்தில் இருக்கும் பணியிடப் பயிற்சி எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? ஆனால் அதை நடத்துவது சங்கம். லைனில் வேலை செய்யும் பெண்களே ‘தளக் கண்காணிப்பாளர்’களாகப் பயிற்சி பெற்றார்கள். பக்கத்து மிஷினில் ஒரு பெண் அழுதுகொண்டே தைக்கிறாள் என்றால் அது அவர்களுக்குத் தெரியும். டார்கெட்டுக்காகக் கெட்ட வார்த்தையில் திட்டுவது எந்த மணிக்கு அதிகமாகும் என்பதும் தெரியும். அந்தத் தகவலைக் கூடிப் பேசிக் குறையாக எழுதி நிர்வாகத்தின் முன் வைக்கும்போது பழிவாங்கக் கூடாது என்று ஒப்பந்தம் தடுக்கிறது. மீறினால் பிராண்டுகளின் ஆர்டர் வரை பாதிக்கும்.

அங்கே பயிற்சியா ஃபெசிலிடேஷனா என்று பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டியது மூன்று விஷயத்தைத்தான். அறைக்குள் பேசும் பொருளை யார் முடிவு செய்தது, பேசியவரைக் காப்பாற்ற என்ன ஏற்பாடு, பேசியதற்கு யார் பதில் சொல்லியாக வேண்டும். சித்தியின் மண்டபத்தில் இந்த மூன்றுமே இல்லை. என் சார்ட் பேப்பர் வட்டத்திலும் இல்லை. அந்த வகையில் நானும் அந்த லேப்டாப்காரரும் ஒன்றுதான், நான் கொஞ்சம் கலர் பேனா வைத்திருந்தேன்.

எந்த ஃபெசிலிடேட்டரும் இல்லாமலும் இது நடக்கும். விடியுமுன் கம்பம், கூடலூர், போடிப் பக்கம் போய் நின்று பாருங்கள். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்களில் நம் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். புதிதாக வரும் பெண்ணை ஒரு மூத்த அக்கா தன் பக்கத்துச் செடியில் நிறுத்திக்கொள்வார். எந்தக் காய் முற்றியது, எது இன்னும் இருக்க வேண்டியது, சரத்தை ஒடிக்காமல் எப்படி எடுப்பது என்று வாயால் சொல்வது குறைவு, கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் அதிகம். திரும்பும்போது ஜீப்பில் வேறு வகுப்பு. எந்தத் தோட்டத்தில் கூலி எவ்வளவு, எந்தக் கங்காணி எடையில் ஏமாற்றுகிறான், மருந்து அடித்த மறுநாளே எங்கே இறக்கிவிடுகிறார்கள். இந்தப் பேச்சை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை.

போடிமெட்டைத் தாண்டினால் மூணாறு. 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்ததும் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் வரவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒன்பது நாளில் அந்த 20 சதவீதத்தைத் திரும்ப வாங்கினார்கள். பல வருடமாக லயத்து வாசலிலும் கொழுந்து எடை போடும் இடத்திலும் பேசிய பேச்சு அது. கூலி உயர்வுக் கோரிக்கை அப்போதே முழுதாகக் கிடைக்கவில்லை, பின்னால் அமைப்பு உடைந்தும் போனது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திராட்சைத் தோட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னமனூர், கம்பம் பக்கம் மருந்தடிக்கும் கூலியாட்களுக்கு டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். சிவப்பு மிகக் கொடிய விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது புரியும். தயவுசெய்து இதை விளையாட்டு வைத்து ‘வெளிக்கொணர’ வேண்டாம், நேராகச் சொல்லுங்கள். அதன் பிறகு, சிவப்பு முக்கோணத்தைக் கலக்கச் சொல்லும் தோட்டக்காரரிடம் என்ன சொல்வது, தனியாகச் சொல்வதா சேர்ந்து சொல்வதா, அன்றைய கூலி போனால் என்ன செய்வது என்று பேச ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்குங்கள். தோட்டக்காரரின் களத்தில் வேண்டாம், நம் தெருவில் உட்காருங்கள்.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். ஊசி ஏறிய பிறகு இரத்தப் பரிசோதனை எல்லாம் நாங்களே செலவு செய்துதான் பார்த்தோம். நல்லவேளை, ஒன்றும் இல்லை. அந்தப் பணம் இன்னும் வரவில்லை. இந்த ஆண்டு மறுபடி பயிற்சி என்று மேஸ்திரி சொன்னதும், சித்தியும் இன்னும் பதினொரு பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு, “நீ எழுதுனா இங்கிலீசு மாதிரி இருக்கும்” என்று சொல்லிப் பத்தாவது படிக்கும் என் தங்கையை எழுத வைத்தார்கள். இரண்டே கோரிக்கை. பயிற்சியை வேலை முடிந்த பிறகு வைக்காமல் வேலை நேரத்தில் வைக்க வேண்டும். பதிவேட்டில் இன்னொரு கட்டம் போட வேண்டும். பணியாளர்கள் சொன்னது என்ன என்று அதில் எழுதி, அதைக் கேட்டுக்கொண்டதாக அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் கோரிக்கைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். இரண்டாவதற்கு, “அப்படியெல்லாம் ஃபார்மட் கிடையாதும்மா” என்று பதில் வந்தது. அதனால் பன்னிரண்டு பேரும் சேர்ந்து நாற்பது ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் கிளினிக்கின் பெயரும், அவர்கள் ஊசி போடும் கிழமையும் எழுதியிருக்கிறது. அதிகாரி கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருக்கிறது. பயிற்சி வருகிற வியாழக்கிழமை.